பச்சைத் தண்ணியும் ஒரு மூட்டை ப்ளீச்சிங் பவுடரும்

மக்களே, முதலிலேயே சொல்லி விடுகிறேன். கோபப்பட வேண்டியவர்கள் இந்த வரியிலேயே கோபப்பட்டுக் கொள்ளலாம். தண்ணீரைச் சோதித்துப் பார்க்கத் தெரியாத வீட்டில் நீச்சல் குளம் இருக்கக் கூடாது. தெரியாவிட்டால் தண்ணீரை இறைத்து விட்டு அதில் வாழை வையுங்கள். ரசகதலி நல்லா வரும் :-)

"இவன் என்ன, நீச்சல் குளம் இருக்கிறவனைப் பார்த்து வயிறு எரிகிறான்" என்று நினைப்பீர்கள். கொஞ்சம் எரியத்தான் செய்கிறது, அது வேறு கதை. ஆனால் நான் சொல்ல வந்தது பொறாமை இல்லை, வேதியியல்.

பத்மநாபபுரம், தக்கலை சுற்று வட்டாரத்தில் வளைகுடா பணத்தில் வீடு கட்டுகிறவர்கள் இப்போது மாடியில் ஜிம், முற்றத்தில் நீச்சல் குளம் என்று போகிறார்கள். தப்பில்லை. உழைத்த காசு. ஆனால் குளத்தைக் கட்டிக் கொடுத்த கான்டிராக்டர் டைல்ஸ் கலரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், தண்ணீரைப் பற்றி ஒரு நிமிஷம் கூடப் பேச மாட்டார். ஆள் துபாய்க்குப் போன இரண்டாம் மாதம் தண்ணீர் பச்சை. லீவுக்கு வருவதற்கு முந்தின நாள் வீட்டுக்குப் போன் வரும்: "ப்ளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை வாங்கிப் போடச் சொல்லு, பிள்ளைகள் நாளைக்கு இறங்கணும்." தோட்ட வேலைக்கு வரும் அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக் கொண்டு, வெறுங்கையால் அள்ளி அள்ளி வீசுவார். முகத்தில் ஒரு துவர்த்து. அவ்வளவுதான் பாதுகாப்பு.

இந்த ஒரு காட்சியில் எத்தனை தப்பு இருக்கிறது என்று எண்ணுவதுதான் இந்தக் கட்டுரை.

பாசி என்பது நோய் இல்லை, அறிகுறி

குளத்தில் பாசி படர்கிறது என்றால் தண்ணீரில் வேலை செய்யக் கூடிய குளோரின் இல்லை என்று அர்த்தம். பாசிக்கு வெயிலும் கொஞ்சம் உரமும் போதும். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் கிடைக்கிற மாவட்டம் இது. ஒவ்வொரு மழையும் மண்ணையும் சருகையும் குளத்துக்குள் கொண்டு வந்து சேர்க்கும். பக்கத்தில் ரப்பர் நின்றால் கேட்கவே வேண்டாம், இலையுதிர் காலத்தில் தண்ணீரே தெரியாது.

பச்சையாக இருப்பது பார்க்க அசிங்கம் என்பதோடு விஷயம் முடிந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். பாசி வளர முடிகிற தண்ணீரில் மற்றதும் வளர முடியும். 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரைப் பக்கம் அதியன்னூர் ஊராட்சியில் ஒரே குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு அமீபா மூளைக் காய்ச்சல் வந்தது. ஒருவர் இறந்தார். 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலா கிராமத்தின் நீச்சல் குளத்தில் குளித்த 17 வயது மாணவருக்கு இதே நோய் உறுதியானதும் அந்தக் குளத்தை மூடினார்கள். இதெல்லாம் ஏதோ அமெரிக்காவில் இல்லை. தக்கலையில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடங்கள்.

நெக்லேரியா பவுலேரி என்கிற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போகும். உலக அளவில் இந்த நோய் வந்தவர்களில் 100-க்கு 97 பேர் பிழைக்கவில்லை. கேரளத்தில் சீக்கிரம் கண்டுபிடித்ததாலும் மில்டிபோசின் போன்ற மருந்து கொடுத்ததாலும் சிலர் தப்பியிருக்கிறார்கள். 2024-ல் கோழிக்கோட்டில் 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்தது நாடு முழுக்கச் செய்தியானது. அந்த ஜூலையிலேயே தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையும் குளங்கள், நீச்சல் குளங்கள் விஷயத்தில் எச்சரிக்கை விட்டது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இது அபூர்வமான நோய்தான். நல்ல சேதி என்னவென்றால், சரியான அளவில் குளோரின் இருக்கிற தண்ணீரில் இந்த அமீபா தாக்குப் பிடிக்காது. கெட்ட சேதி, சுவரில் வழுவழுவென்று படர்ந்திருக்கிற பாசிப் படலத்துக்குள் ஒளிந்து கொண்டால் குளோரின் அதை எளிதில் தொடாது. "பாசிதானே, இயற்கைதானே" என்று இறங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, அமீபாவை விடச் சாதாரணமானது, அமீபாவை விட அடிக்கடி நடக்கக் கூடியது. பச்சைத் தண்ணீரில் அடி தெரியாது. அடி தெரியாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்கிக் கிடந்தால் கரையில் நிற்கிறவர்களுக்கும் தெரியாது. இந்த ஒரு காரணம் போதும், அடித்தளம் தெளிவாகத் தெரியும் வரை யாரையும் இறக்கக் கூடாது என்பதற்கு.

இரண்டு கட்சிக்காரர்கள்

இந்த விஷயத்தில் ஊரில் இரண்டு கட்சி உண்டு.

முதல் கட்சி: "நெறைய போட்டா நல்லா போகும்." இவர்களுக்கு அளவு என்றால் மூட்டை. மூக்கைத் துளைக்கிற வாசனை வந்தால் "கொள்ளாம், சுத்தமாயாச்சு" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், நீச்சல் குளத்தில் நாம் குளோரின் வாசனை என்று நினைப்பது பெரும்பாலும் குளோரின் இல்லை. வியர்வை, சிறுநீர் இவற்றில் உள்ள நைட்ரஜனோடு குளோரின் சேர்ந்து உண்டாகிற குளோரமைன்களின் வாசனை அது. கண்ணை எரிய வைப்பதும் அதுதான். வாசனை தூக்கலாக இருந்தால், வேலை செய்ய வேண்டிய குளோரின் ஏற்கனவே மாட்டிக் கொண்டு விட்டது என்று பொருள். மூக்கை நம்பிக் குளம் பராமரிப்பது, நிறத்தைப் பார்த்துச் சாம்பாரில் உப்பு சரியா என்று சொல்வது மாதிரி.

இரண்டாம் கட்சி: "குளோரின் விஷம், இயற்கையா ஏதாவது போடு." இவர்கள் வேப்பிலையில் ஆரம்பித்து துருசில் முடிப்பார்கள். ரப்பருக்கும் பாக்குக்கும் அடிக்கிற போர்டோ கலவையில் இருக்கிற அதே துருசு, அதாவது காப்பர் சல்பேட். அது பாசியைக் கொல்லும், உண்மை. ஆனால் பாக்டீரியா, அமீபா விஷயத்தில் அதை நம்பிப் பிள்ளைகளை இறக்க முடியாது. சுவரில் கறை, முடியில் பச்சை, வாய்க்காலில் விட்டால் மீன் செத்து மிதக்கும். இதற்குப் பெயர் இயற்கையாம்!

குளோரின் விஷம் என்பதும் பொய் இல்லை. 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் ஊரருகே ஜெர்மன் படை திறந்து விட்டது இதே வாயுவைத்தான். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1908-ல், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஜான் லீல் என்கிற மருத்துவர் ஊர்க் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்க ஏற்பாடு செய்தார். அந்த வழியைப் பின்பற்றியதால் டைபாய்டிலிருந்து தப்பியவர்கள் உலகம் முழுக்க எத்தனையோ பேர். பொருள் ஒன்றுதான். அளந்து போட்டவன் காப்பாற்றினான், திறந்து விட்டவன் கொன்றான். மூட்டையை அப்படியே கவிழ்க்கிறவர் இதில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அவரே முடிவு செய்து கொள்ளட்டும்.

கணக்கு, ரொம்பச் சின்னக் கணக்கு

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம். பெருக்கினால் 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர். பாசி பிடித்த குளத்துக்கு முதல் அதிரடியாக 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்று வைப்போம். மொத்தம் 480 கிராம்.

இதில்தான் நம் ஆட்கள் கவிழ்கிறார்கள். 480 கிராம் குளோரின் என்றால் 480 கிராம் பவுடர் இல்லை. சாதாரண ப்ளீச்சிங் பவுடரில் புதிதாக இருக்கும்போதே பயன்படும் குளோரின் ஏறக்குறைய 30 சதவீதம்தான். ஆகவே 1.6 கிலோ. 65 சதவீதம் உள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் முக்கால் கிலோ. பலசரக்குக் கடைத் திண்ணையில் மழைச் சாரல் அடித்துக் கட்டியாகிப் போன பழைய மூட்டையில் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கும் என்பது கடைக்காரருக்கும் தெரியாது. அதனால்தான் போட்ட பிறகு சோதிக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன்.

அடுத்தது பிஎச். குளோரின் தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். கிருமியைக் கொல்வதில் ஒன்று வீரன், மற்றது சோம்பேறி. பிஎச் 7.5-ல் ஆளுக்குப் பாதி. 8-க்கு மேல் போனால் வீரன் கால்வாசிக்கும் கீழே. ப்ளீச்சிங் பவுடரில் இருக்கிற சுண்ணாம்பு பிஎச்சை ஏற்றும். அளவில்லாமல் அள்ளிப் போடப் போட, போட்டதன் வீரியத்தை நீங்களே குறைத்துக் கொண்டிருக்கிறீர்கள். தண்ணீர் வேறு சுண்ணாம்பு கரைத்தது போல் கலங்கி நிற்கும். அப்புறம் "பவுடர் சரியில்ல, இன்னும் ஒரு மூட்டை" என்று கடைக்கு ஆள் போகும்!

ஒழுங்காகச் செய்வது எப்படி

1. முதலில் யாரையும் இறங்க விடாதீர்கள். சருகு, குப்பையை வலையால் எடுங்கள். அதை விட்டு வைத்தால் போடுகிற குளோரினைச் சருகு தின்று விடும்.

2. பிஎச்சைச் சோதித்து 7.2 முதல் 7.4-க்குள் கொண்டு வாருங்கள். இதைக் குளோரினுக்கு முன்னால் செய்ய வேண்டும். குளோரின் 10 பிபிஎம்முக்கு மேல் ஏறி விட்டால் பிஎச் சோதனை நிறம் தப்பாகக் காட்டும். ஆசிட் ஊற்றினால் மோட்டாரை ஓட விட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் குளோரின். இரண்டும் ஒரே வாளி, ஒரே மக், ஒரே அலமாரி பக்கம் கூடவே கூடாது.

3. சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு போடுங்கள். நிலைப்படுத்தி கலக்காத குளோரினை நடுப்பகல் வெயில் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் அழித்து விடும்.

4. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பவுடர். பவுடர் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கம்பால் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் குளத்தைச் சுற்றி நடந்து ஊற்றுங்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். துவர்த்து எந்த வாயுவையும் தடுக்காது.

5. சுவரையும் மூலை முடுக்கையும் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். படலம் உடைந்தால்தான் குளோரின் உள்ளே போகும். பில்டரை நிறுத்தாமல் ஓட்டி, அடைக்க அடைக்கப் பின்னோட்டமாகக் கழுவுங்கள்.

6. ராத்திரி ஒரு சோதனை, விடிகாலை ஒரு சோதனை. இடையில் குளோரின் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது. மறுபடி போடுங்கள். செத்த பாசி சாம்பல் நிறமாக அடியில் படியும். அதை உறிஞ்சி வெளியே எடுங்கள்.

7. அடித்தளம் தெளிவாகத் தெரிந்து, பிஎச் 7.2 முதல் 7.8-க்குள் நின்று, குளோரினும் 3 பிபிஎம் அளவுக்கு இறங்கிய பிறகுதான் பிள்ளைகள். அதற்கப்புறம் தினமும் 1 முதல் 3-க்குள் நிறுத்துங்கள்.

இதற்கு மூன்று நாலு நாள் ஆகும். பிளேனில் ஏறும்போது போன் பண்ணினால் ஆகாது.

சோதனைப் பெட்டி வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சள் நிறம் காட்டுகிற பழைய வகை, மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேலை செய்கிற குளோரினையும் மாட்டிக் கொண்ட குளோரினையும் அது பிரித்துச் சொல்லாது. இளஞ்சிவப்பு காட்டுகிற டிபிடி வகை பிரித்துச் சொல்லும். ஒரு குடும்பம் ஒரு தடவை ஓட்டலில் பிரியாணி சாப்பிடுகிற காசுதான். லட்சக்கணக்கில் குளம் கட்டியவர் இதற்குக் கணக்குப் பார்ப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பஞ்சாயத்துத் தொட்டி ஆப்பரேட்டர், குழாயில் 0.2 பிபிஎம் மிச்சம் இருக்கிறதா என்று குளோரோஸ்கோப்பை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. அந்த அண்ணாச்சியிடம் எதிர்பார்க்கிற பொறுப்பை பங்களாக்காரரிடம் எதிர்பார்க்கக் கூடாதா?

வேலைக்காரருக்கு நுரையீரல் இல்லையா?

இந்தக் கட்டுரைக்கு உண்மையான காரணமே இதுதான்.

ப்ளீச்சிங் பவுடரும் பாத்ரூம் ஆசிட்டும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும். டைல்ஸ் கறை போகவில்லை என்று இரண்டையும் சேர்த்துத் தேய்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். குளோரின், காற்றைப் போல இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாது, கீழே தேங்கும். பாதி இறைத்த குளத்துக்குள்ளோ, மோட்டார் குழிக்குள்ளோ இறங்கி நிற்கிற ஆள்தான் அதை முழுசாக வாங்கிக் கொள்வார். மேலே நின்று "சீக்கிரம் தேய்லே" என்று சொல்கிற முதலாளிக்கு வாசனை மட்டும்தான்.

மூச்சுத் திணறினால் உடனே மேடான, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். கண்ணைப் பதினைந்து நிமிஷம் தண்ணீரில் கழுவ வேண்டும். "இப்ப சரியாயிட்டு" என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஏனென்றால் நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம்.

இன்னொரு கண்ணி: கடையில் "குளோரின்" என்று கேட்டால் இரண்டு விதம் கிடைக்கும். ஒன்று கால்சியம் ஹைப்போகுளோரைட். மற்றது மாத்திரையாக வருகிற ட்ரைக்ளோரோ ஐசோசயனூரிக் அமிலம், 90 சதவீதம். இரண்டும் வெள்ளை, இரண்டும் குளோரின் என்று ஒரே டப்பாவில் கொட்டினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஈரக் கரண்டி போதும். தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கும் புரியாத ஆங்கில லேபிளைக் கொடுத்து, தமிழே தெரியாத வடநாட்டுப் பையனிடம் அந்த டப்பாவை நீட்டுகிறோம். விபத்து நடந்தால் "அவன் தப்பா கலந்துட்டான்" என்போம். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"பெரிய இடத்திலெல்லாம் தப்பு நடக்காதா" என்று கேட்பீர்கள். நடக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில், உலகமே பார்த்துக் கொண்டிருந்தபோது டைவிங் குளம் பச்சையானது. ஒப்பந்தக்காரர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்ற, அது குளோரினின் வேலையையே முடக்கி விட்டது. ஒலிம்பிக்கில் நடந்தால் பரவாயில்லை என்பதா இதன் பாடம்? எது எதோடு சேரும் என்று தெரியாமல் ஊற்றக் கூடாது என்பதுதான்.

ஊர்க் குளத்துக்குக் கை நீட்டாதீர்கள்

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் படித்து விட்டு யாராவது மூட்டையைத் தூக்கிக் கொண்டு ஊர்க் குளத்துக்குக் கிளம்பி விடக் கூடாது. கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அளந்து குளோரின் போடலாம், போட வேண்டும். 2025 ஆகஸ்ட் கடைசியில் கேரளம் அதை ஒரு இயக்கமாகவே நடத்தியது. ஆனால் மீனும் தவளையும் தாமரையும் உள்ள குளம் நீச்சல் குளம் இல்லை. அங்கே சேறும் சருகும் குளோரினைத் தின்று விடும், மிஞ்சியது மீனைக் கொல்லும். செத்த பாசி அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் காலி செய்யும். குளத்தில் பாசி வருவது வயல் உரத்தாலும் வீட்டுச் சாக்கடையாலும். சாக்கடையை நிறுத்தாமல் பவுடர் போடுவது, பானை ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றுவதுதான்.

நம் ஊரின் பழைய பெயரே கல்குளம். தாலுகாவுக்கு இன்றும் அதுதான் பெயர். சிவாலய ஓட்டத்தில் ஏழாவதாக ஓடி வந்து சேருகிற நீலகண்டசுவாமி கோயிலுக்கும் தெப்பக்குளம் உண்டு. குளத்தின் பெயரில் வாழ்கிற ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருப்பதே வெட்கம். வீட்டு நீச்சல் குளத்தைக் கழுவிய குளோரின் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி விடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சில நாள் வெயிலில் விட்டு, குளோரின் பூஜ்யம் என்று சோதித்த பிறகு தோட்டத்துக்கு விடுங்கள். அந்த வாய்க்கால் எங்கேயோ ஒரு குளத்தில்தான் போய் முடிகிறது.

ஆக, நீச்சல் குளம் வைத்திருக்கிறவர்களிடம் கேட்பது நாலே நாலு: ஒரு டிபிடி சோதனைப் பெட்டி, ஒரு தராசு, வேலை செய்கிறவருக்குக் கையுறையும் கண்ணாடியும், அவருக்குப் புரிகிற மொழியில் எழுதி ஒட்டிய ஒரு தாள். இந்த நாலும் இல்லாத வீட்டில் "வா மக்கா, குளிக்கலாம்" என்று கூப்பிட்டால் நான் வர மாட்டேன். நீங்களும் போகாதீர்கள்.

டிஸ்கி: மேலே சொன்ன அளவு 48,000 லிட்டர் குளத்துக்கு. உங்கள் குளத்துக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள். வாங்குகிற டப்பாவின் மேல் சதவீதம் எழுதியிருக்கும், அதைப் படித்து விட்டுப் போடுங்கள். ஆறாம் வகுப்புக் கணக்குதான். ரசகதலிக் கன்று வேண்டுபவர்கள் மட்டும் பின்னூட்டத்தில் சொல்லவும் :-)